ஆயுளுக்கும் ஒரு கிட்டார்: வில்லி நெல்சன் வழியா, ஜேம்ஸ் டெய்லர் வழியா, லெனார்ட் கோஹன் வழியா?

சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிற எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். பழகுவதற்கென்று வாங்கிய முதல் கிட்டார் இப்போது போதவில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அடுத்து வாங்குவது கடைசிவரை கூட வரவேண்டும். கம்பெனி கிட்டார் ஒன்றை வாங்கி அதையே பழுது பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாமா? தனி ஒருவர் செய்து தரும் கிட்டாருக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கலாமா? தலைமுறையாகக் கிட்டார் செய்யும் குடும்பப் பட்டறை ஒன்றைத் தேடிப் போகலாமா?

மூன்று வழியிலும் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வழிக்கு அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன், இரண்டாவதற்கு அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர், மூன்றாவதற்குக் கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளப் போகிற கைவினைஞரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று தெரியாமல் எவ்வளவு பெரிய பெயருள்ள கிட்டாரை வாங்கினாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வில்லி நெல்சனிடமிருந்து தொடங்கலாம். 1969-இல் அவர் கையில் இருந்தது பால்ட்வின் கம்பெனியின் நைலான் கம்பி கிட்டார். டெக்சஸ் மாநிலத்தில் ஹெலோட்டஸ் என்ற ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், குடித்திருந்த ஒருவர் அதை மிதித்துவிட்டார். நாஷ்வில்லில் கிட்டார் வேலை பார்த்துவந்த ஷாட் ஜாக்சனிடம் அது போனது. இதை மீட்க முடியாது, கடையில் ஒரு மார்ட்டின் என்-20 இருக்கிறது, விலை 750 டாலர் என்றார் ஜாக்சன். நெல்சன் அதை நேரில் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார். உடைந்த பால்ட்வினில் இருந்த, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பைக் கழற்றிப் புதிய கிட்டாருக்குள் பொருத்திக் கொடுத்தார் ஜாக்சன். திரைப்பட நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரைக்கு இருந்த பெயரையே நெல்சன் அதற்கு வைத்தார்: ட்ரிகர்.

இங்கே கவனிக்க வேண்டியது, ட்ரிகர் எவருடைய கைக்காகவும் அளவெடுத்துச் செய்த கிட்டார் இல்லை. பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரிலுள்ள மார்ட்டின் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்த மாடல்களில் ஒன்று. மார்ட்டினுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இரும்புக் கம்பி கிட்டார்கள். நைலான் கம்பியில் கிளாசிக்கல் வாசிப்பவர்கள் ஸ்பெயினைப் பார்த்துப் போனார்களே தவிர நாசரேத்தைத் தேடி வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு மாடல், மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகையும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பாடகரின் குரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அதன் மேல்பலகையில் சவுண்டு ஹோல் என்ற வட்டத் துளைக்கும், கம்பிகளின் அடி முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இரண்டாவதாக ஒரு ஓட்டை இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நைலான் கம்பி கிட்டாரை விரலால்தான் வாசிப்பார்கள் என்பதால் பொதுவாக அதில் பிக்கார்டு என்ற காப்புத் தகடு வைப்பதில்லை. நெல்சன் வாசிப்பது பிக் என்ற சிறு வில்லை கொண்டு. ஜாஸ் கிட்டார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைக் கேட்டு வளர்ந்த கை அது, ஒவ்வொரு சுரத்தையும் கம்பியிலிருந்து பிய்த்தெடுக்கிற மாதிரி அடிக்கும். அந்தப் பலகையின் கனமோ இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். பிக்கும் விரல் நுனியும் உரசி உரசி மரம் தேய்ந்து ஒருநாள் உள்ளே வழி திறந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் டெக்சஸின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த மார்க் எர்லுவைன் வருகிறார். எர்லுவைன் தானே கிட்டார் வடிவமைப்பவர். ப்ளூஸ் கிட்டார்க்காரர் ஜானி வின்டர் வாசித்த லேசர் என்ற தலையில்லாத எலெக்ட்ரிக் கிட்டார் அவர் செய்ததுதான். 1970களிலிருந்து ட்ரிகர் அவர் மேசைக்கு வந்துபோகிறது. ஓட்டையை அவர் அடைக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள மரம் மேற்கொண்டு கிழியாமல் பார்த்துக்கொள்கிறார். தேய்ந்த பகுதியில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசி மெருகைக் கட்டி எழுப்புகிறார். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் பிரேசிங் பட்டைகள் விட்டுப்போனால் ஒட்டுகிறார். பாடகர் லியோன் ரஸ்ஸலில் தொடங்கி நூறு பேரளவில் அந்த மேல்பலகையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவை அழியாமல் இருக்கவும் அந்த லாக்கர்தான் காவல்.

இந்த வேலையின் அருமை எதில் இருக்கிறது என்றால், எதைச் செய்யக்கூடாது என்று எர்லுவைனுக்குத் தெரிந்திருப்பதில். புது மேல்பலகை போட்டுத் தருவது அவருக்குக் கஷ்டமான காரியமே இல்லை. போட்டிருந்தால் கிட்டார் உறுதியாகியிருக்கும், ஆனால் 1975-க்குப் பிறகு உலகம் கேட்டுப் பழகிய அந்த ஒலி போயிருக்கும். தன் உழைப்பு வெளியே தெரியாதபடி ஒருவர் பல பத்தாண்டுகளாக ஒரு கருவியைக் காப்பது என்னை நெகிழ வைக்கிறது. மேடைக்குப் பின்னால் இருக்கும் இப்படிப்பட்டவர்களின் பெயர்களை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வழிக்கு ஆகும் உண்மையான செலவும் இதுதான். கிட்டாரின் விலை ஒருமுறை. பழுது பார்ப்பு வருடாவருடம். நெல்சனுக்கு அது டெக்சஸிலேயே, ஒரே கையில் கிடைத்தது.

ட்ரிகரைப் பார்த்துவிட்டு அதே மாதிரி அறுபதுகளின் மார்ட்டின் ஒன்றைத் தேடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காண்டாமிருகக் கொம்புக்கு உள்ள கண்டிப்பு அதற்கும் உண்டு. தகுந்த ஆவணம் இல்லாமல் அப்படி ஒரு கிட்டாரை எல்லை தாண்டி எடுத்துவந்தால் கஸ்டம்ஸில் பறிபோகலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் பழைய கிட்டார் வரவழைக்க நினைப்பவர்கள், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின்பலகை என்ன மரம் என்பதுதான்.

பிரேசிலிலிருந்து மரக்கட்டை வரத்து நின்றுபோனதும் மார்ட்டின் நிறுவனம் 1969-இன் இறுதியில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அந்த இந்திய ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள். நீலகிரியிலும் வயநாட்டிலும் கூர்க்கிலும் வளர்வது. கண்டபடி வெட்டித் தீர்த்துவிடாமல் இருக்கத் தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அரைநூற்றாண்டாக உலகின் நல்ல கிட்டார்களில் பெரும்பங்குக்கு முதுகாக இருந்துவருவது நம் மலைக்காட்டு மரம். 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதுமே சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தபோது கிட்டார்க்காரர்கள் திண்டாடிப்போனார்கள். 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே ஈட்டி மர கிட்டாரைப் பொறுத்தவரை இப்போது வாங்குவதில் அந்தத் தொல்லை இல்லை. பிரேசில் மரத்துக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

இனி ஜேம்ஸ் டெய்லர். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடைகளில் டெய்லர் என்ற பெயரில் விற்கும் கிட்டார்கள் பாப் டெய்லர் என்பவர் கூட்டாளிகளோடு தொடங்கிய கலிஃபோர்னியா கம்பெனியுடையவை. ஜேம்ஸ் டெய்லருக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது.

ஜேம்ஸ் டெய்லர் 1948-இல் பாஸ்டனில் பிறந்து நார்த் கரோலினாவில் வளர்ந்தவர். சிறுவயதில் செல்லோ கற்றார், கிட்டாரைத் தானாகவே பழகிக்கொண்டார். அதனால் அவர் விரல் போடும் முறை பாடப் புத்தகத்தில் இருப்பதைப்போல இருக்காது. சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிப்புகளான கார்டுகளில், டி கார்டுக்கும் ஏ கார்டுக்கும் அவர் விரல் வைக்கிற வரிசை மற்றவர்கள் வைப்பதற்குத் தலைகீழ். 1970-ஐ ஒட்டி வந்த அவருடைய முதல் ஆல்பங்களில் ஒலிப்பது கிப்சன் ஜே-50, அதுவும் தொழிற்சாலைக் கிட்டார்தான். பிறகு கலிஃபோர்னியாவில் தனியாகக் கிட்டார் செய்துவந்த மார்க் வைட்புக்கின் கிட்டார்கள் வந்தன. மினசோட்டாவின் சர்க்கிள் பைன்ஸ் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்சனின் கிட்டார் அவர் கைக்கு வந்தது 1980களின் இறுதியில், நாற்பது வயதை ஒட்டி. அன்றிலிருந்து அவரை மேடையில் பார்க்கும்போதெல்லாம் பெரும்பாலும் ஓல்சனைத்தான் பார்க்கிறோம்.

அந்த வரிசையை மறுபடி படியுங்கள். புகழின் உச்சியில் இருந்த, எந்தக் கிட்டாரையும் வாங்க முடிந்த ஒருவருக்கு, தன் கைக்கு ஏற்ற செய்பவரைக் கண்டடைய இருபது வருடம் ஆனது. ஆர்டர் கொடுக்கத் துடிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓல்சன் 1977-இல் கிட்டார் செய்யத் தொடங்கினார். அவர் பெயர் பரவக் காரணம் எஸ்ஜே என்ற சிறிய ஜம்போ (பெரிய உடல் கொண்ட கிட்டார்) வடிவமும், அதற்கு அவர் விரும்பிப் போடும் செடார் மேல்பலகையும். செடார், ஸ்ப்ரூஸைவிட மென்மையான மரம். விரல் லேசாகப் பட்டாலே முழுக் குரலும் வெளியே வந்துவிடும். ஓங்கி அடித்தால் ஸ்ப்ரூஸ் இன்னும் இன்னும் என்று கொடுத்துக்கொண்டே போகும், செடார் ஓர் அளவோடு நின்றுவிடும். வில்லி நெல்சனின் பிக்குக்கு முன்னால் செடார் பலகை இவ்வளவு காலம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். ஜேம்ஸ் டெய்லரோ ஓங்கி அடிப்பவரே அல்ல. கட்டைவிரல் பாஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை நடத்த, மற்ற விரல்கள் அதன்மேல் பதில் சொல்லிக்கொண்டே போகும். அந்த விரல்களின் நகம் உடையாமல் இருக்க ஃபைபர்கிளாஸும் சூப்பர் க்ளூவும் வைத்துக் கட்டுகிறார். எப்படிக் கட்டுவது என்று அவரே வீடியோவில் பாடமாகக் காட்டியிருக்கிறார்.

டியூனிங் விஷயத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் நுணுக்கம். ஆறு கம்பிகளையும் டியூனர் காட்டும் சரியான இடத்தில் நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் இறக்கி வைக்கிறார். தடித்த ஈ கம்பி 12 சென்ட், ஏ கம்பி 10, டி கம்பி 8, ஜி கம்பி 4, பி கம்பி 6, மெல்லிய ஈ கம்பி 3. நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஓர் அரைச்சுரம், எனவே இவை காதுக்குத் தனியாக எளிதில் பிடிபடாத அளவுகள். ஆனால் எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டால் கம்பிகள் இழுபட்டுச் சுருதி ஏறும். பாஸ் கம்பியை அடிக்கும்போது அது முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் அடங்கும். இரண்டையும் கணக்குப் பண்ணி முன்கூட்டியே இறக்கிவைத்தால் கார்டு முழுவதும் இசைந்து நிற்கிறது. இதைச் செய்துபார்க்க ஓல்சன் கிட்டார் தேவையில்லை. சென்ட் காட்டும் டியூனர் போதும்.

இவ்வளவு தெரிந்த ஒரு கைக்காகச் செய்யும்போது தனிக் கைவினைஞரின் அருமை வெளிப்படுகிறது. நெக்கின் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதியின்) பருமன், கம்பிகளுக்கிடையே உள்ள தூரம், எந்தக் கனத்தில் மேல்பலகையை நிறுத்துவது, பிரேசிங்கை எங்கே சீவி இளக்குவது என்று எல்லாவற்றையும் அந்தக் கைக்கு ஏற்றபடி முடிவு செய்யலாம். தொழிற்சாலை எவர் வாங்குவார் என்று தெரியாமல் செய்கிறது. பலமாக அடிப்பவர் வாங்கினாலும் தாங்க வேண்டும், வாரன்ட்டி காலத்தில் வயிறு உப்பித் திரும்பி வரக்கூடாது என்று பலகையைச் சற்றுக் கனமாகவே விட்டுவிடும். ஓல்சனைப் போன்றவர்கள் பலகையைக் கையில் பிடித்துத் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, அந்தத் துண்டு மரத்துக்கு எது சரியோ அங்கே நிறுத்துவார்கள். கிட்டார் முழுக்க உளியால் செதுக்கியதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. மரத்தை அளவு பிசகாமல் பிடித்து நிறுத்தும் ஜிக்கும் மெஷினும் நல்ல பட்டறை எல்லாவற்றிலும் உண்டு, அவை சுமையைக் குறைக்கின்றன. தீர்ப்புச் சொல்கிற காதும் விரலும் ஒரே ஆளுடையவை என்பதுதான் பொருட்டு.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக்கூடாது. ஓல்சன் கிட்டார் பத்தாயிரம் டாலருக்கு மேல் போகும். பெயர் பெற்ற எந்தத் தனிக் கைவினைஞரிடமும் காத்திருப்பு மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில். செய்து வந்தபின் பிடிக்கவில்லை என்றால், ஓல்சன் போன்ற பெயருள்ளவருடையதை விற்றுவிடலாம், பெயர் பரவாத திறமைசாலியின் கிட்டாரைப் போட்ட பணத்துக்கு விற்க முடியாது. செய்தவருக்கு வயதாகும், கை ஓயும். அப்போது அந்தக் கிட்டாருக்கும் ஓர் எர்லுவைன் தேவைப்படுவார்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது எல்லோருக்கும் பொருந்தாது. மாட்ரிட் நகரின் கிராவினா தெருவில் ஏழாம் எண் வீட்டில் டொமிங்கோ எஸ்தேசோ என்ற கிட்டார் செய்பவர் பட்டறை வைத்திருந்தார். அவருக்குப் பின் அதை அவருடைய மருமக்கள், கோந்தே சகோதரர்கள், நடத்தினார்கள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை மேதை பாக்கோ தே லூசியா வாசித்ததும் கோந்தே கிட்டார்தான். அந்தக் கிராவினா தெரு கிட்டார் ஒன்று லெனார்ட் கோஹனிடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 2011 அக்டோபரில் ஸ்பெயினின் ஒவியேதோ நகரில் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதை வாங்கியபோது அதைப் பற்றித்தான் பேசினார். விழாவுக்குப் புறப்படுமுன் பெட்டியிலிருந்து கிட்டாரை எடுத்ததாகவும், அது காற்றாக லேசாக இருந்ததாகவும், சவுண்டு ஹோல் அருகே முகத்தை வைத்தபோது செடார் வாசம் முதல் நாள்போலவே வந்ததாகவும் சொன்னார். இளமையில் மான்ட்ரியலில் ஒரு ஸ்பானிய இளைஞரிடம் சில நாள் கற்ற ஆறு கார்டுகளே தன் பாடல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்றும் சொன்னார்.

அந்த லேசுக்கும் வாசத்துக்கும் ஸ்பானிய முறையில் காரணம் இருக்கிறது. ஃபிளமெங்கோ கிட்டாரின் உடலைப் பெரும்பாலும் மெல்லிய சைப்ரஸ் பலகையால் செய்வார்கள். நெக்கை ஸ்பானியர்கள் செத்ரோ என்று சொல்லும் வாசமுள்ள மரத்தில் செய்வார்கள். நெக்கின் அடி கிட்டாருக்குள்ளேயே நீண்டு வந்து, பக்கப் பலகைகளை அதில் வெட்டிய பள்ளத்தில் செருகிவிடுவார்கள். உடலும் நெக்கும் ஒன்றாகவே வளரும். ஒலிக்கு அது நல்லது. ஆனால் பல வருடம் கழித்து நெக் முன்னால் சாய்ந்துவிட்டால் கழற்றிச் சரிசெய்வது பெரும்பாடு. இரும்புக் கம்பி கிட்டார்களில் நெக் தனி. மார்ட்டினில் ஆவி காட்டி ஒட்டுப் பசையை இளக்கிக் கழற்றுவார்கள். டெய்லர் கம்பெனி 1999-இல் கொண்டுவந்த நெக்கை போல்ட்டைத் தளர்த்தியே எடுத்துவிடலாம். நல்ல நைலான் வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத ஊரில் மூன்றாவது வழியில் போக வேண்டாம் என்பேன். தாழ்ந்த குரலில், வார்த்தைக்கு முன்னிடம் கொடுத்துப் பாடுகிறவருக்கு மட்டும் அந்த அபாயத்துக்கு உரிய பலன் கிடைக்கும். அந்தக் குரலுக்கு நைலான் கம்பி கொடுக்கும் இடத்தை இரும்புக் கம்பி கொடுக்காது.

நம் ஊர்களுக்கு வருவோம். கிட்டார் மரத்துக்கு உகந்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு எல்லாம் கடற்கரை, வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும், கம்பி உயரும், விரல் நோகும், ஒலி மந்தமாகும். பகலில் புழுக்கம், இரவில் ஏசி என்று மாறி மாறி வைத்தால் ஒட்டு விடும். உலர்ந்த குளிர்நாட்டில் மெல்லியதாகச் சீவிய கிட்டார் இங்கே வந்து வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் போதும், பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். மெல்லிய பலகையின் பெருமையைச் சொன்ன கையோடு இதையும் சொல்லியாக வேண்டும்: தொழிற்சாலை விட்டுவைக்கும் அந்தக் கூடுதல் கனம் நம் தட்பவெப்பத்தில் ஒரு பாதுகாப்பு.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது வில்லி நெல்சன் வழி. நல்ல கம்பெனியின் கிட்டார், மேல்பலகையாவது ஒட்டுப் பலகையாக இல்லாமல் முழு மரமாக இருக்க வேண்டும், பழையதானாலும் சரி. பழையதை வாங்கும்போது பிரிட்ஜில் கம்பி அமரும் சாடில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். அது தேய்த்துத் தேய்த்து மரத்தோடு மரமாகப் படுத்திருந்தும் கம்பி இன்னும் உயரமாக இருந்தால் நெக்கைக் கழற்றிப் பொருத்தும் பெரிய வேலை காத்திருக்கிறது, விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதில் தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இரும்புக் கம்பியானால் இரண்டரை மில்லிமீட்டர், நைலானானால் நான்கு, அதை ஒட்டி இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். வாங்கும் பட்ஜெட்டில் ஒரு பங்கை, கம்பி உயரத்தையும் நெக்கையும் கைக்கு ஏற்றபடி சரிசெய்யும் செட்டப்புக்கும், பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பத மீட்டருக்கும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, முடிந்தால் மழைக்காலம் முடிந்ததும், அதே ஆளிடம் கொண்டுபோங்கள். இரண்டாம் வருடம் உங்கள் கிட்டார் எங்கே கோணும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஜேம்ஸ் டெய்லர் வழியில் போகத் தகுதி வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது கையில் இருக்கும் கிட்டாரின் குறைகளை அளவுகளோடு சொல்ல முடிந்தால் தெரியும். நெக் ஒரு மில்லிமீட்டர் அகலமாக வேண்டும், நான் வாசிப்பது பெரும்பாலும் கேப்போ இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டில், என் குரல் இந்தச் சுருதியில், அதோடு மோதாமல் பாஸ் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பேச முடிந்தால் ஆர்டர் கொடுக்கலாம். செய்பவரிடம் போகும்போது கேட்க வேண்டியவையும் உண்டு. அவர் பத்து வருடம் முன்னால் செய்த கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்க்கக் கிடைக்குமா? அது கடற்கரை ஊரில் இருந்ததா? நெக்கைக் கழற்ற முடிகிற மாதிரி பொருத்துவாரா? அவரால் முடியாத காலத்தில் அவர் வேலையை அறிந்து தொடக்கூடியவர் யார்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள். செடாரா ஸ்ப்ரூஸா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.